விடுமுறை நாளும் வீட்டு உறவும்

ஆண்டிறுதித் தேர்வு முடிந்து பள்ளியின் கடைசி மணி ஒலிக்கும்பொழுது, மாணவச் செல்வங்களின் முகத்தில் மலரும் மகிழ்ச்சியைக் காணக் கண் கோடி வேண்டும். அந்த மணியோசையை நாங்களும் ஒரு காலத்தில் ஆவலோடு கேட்டவர்களே. மலாக்கா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, பின்னர்ப் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்து, இன்று பேரன் பேத்தியரின் கைப்பிடித்து இப்பள்ளியின் வாயில்வரை வந்து நிற்கும் தலைமுறையினர் நாங்கள். ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்டபொழுது, முன்னாள் மாணவர் சிலர் ஒன்றுகூடிப் பேசினோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, இறுதியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. நம் குடும்பங்கள் விடுமுறைக் காலங்களை அன்று எவ்வாறு கழித்தன, இன்று எவ்வாறு கழிக்கின்றன என்பதே அது. எங்கள் நெஞ்சில் பட்டதை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் சீன வணிகர் நம் மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அதன்பின் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் தோன்றின. அத்தோட்டங்களுக்காகத் திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் நம் முன்னோரை அழைத்து வந்தனர். தொடக்கத்தில் வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். மனைவி மக்களை ஊரிலே விட்டுவிட்டுக் கடல் கடந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தீபாவளி என்பது ஊருக்குப் பணம் அனுப்பும் நாளாகவும், கடிதம் எழுதத் தெரிந்தவரைத் தேடும் நாளாகவுமே இருந்திருக்கும். குடும்பமாகக் கூடி உண்ணும் நாளாக அஃது ஆவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

குடும்பங்கள் வேரூன்றத் தொடங்கிய வேளையில் வேறு இடர்கள் வந்தன. 1938ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்களை மலாயாவிற்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் – பர்மா இரயில் பாதை அமைக்கும் வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். சென்றவர்களுள் எண்ணற்றோர் திரும்பவில்லை. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஓடிய இரயில் பாதையின் தண்டவாளங்களும் அக்காலத்தில்தான் பெயர்த்தெடுக்கப்பட்டன. மலாக்கா நகருக்கு இன்றுவரை மீண்டும் இரயில் வரவில்லை. எங்கள் பாட்டிமார் தீபாவளியன்று முன்னோர்க்குப் படைக்கும்பொழுது, இறந்த நாள் தெரியாத ஒருவருக்கும் ஓர் இலை போடுவார்கள். "யாருக்கு?" என்று கேட்டால், "சயாமுக்குப் போனவருக்கு" என்பார்கள். அதற்குமேல் பேசமாட்டார்கள். அந்த இலையின் பொருள் எங்களுக்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று.

இனி, எங்கள் பிள்ளைப் பருவத்துக்கு வருவோம். தீபாவளி ஐப்பசியில் வரும். மழையும் அதே காலத்தில் வரும். பால்மரத் தோட்டத்தில் மழை என்பது வெறும் மழையன்று. விடியற்காலையில் மழை பெய்தால் மரம் நனையும். மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது. பால் வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. ஆகவே தீபாவளிக்கு முந்திய வாரங்களில், எங்கள் அன்னையர் அதிகாலையில் எழுந்து முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். வானம் வெளுத்திருந்தால் பிள்ளைகளுக்குப் புத்தாடை உண்டு. கருத்திருந்தால் தீபாவளி முன்பணத்தை நம்ப வேண்டும். அம்முன்பணம் பின்வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிடிக்கப்படும். மளிகைக் கடையிலும் கணக்கு ஏறும். தீபாவளி ஒரு நாளில் முடிந்துவிடும். தீபாவளிக் கடன் தைப்பொங்கலைத் தாண்டியும் நிற்கும்.

ஆயினும் அந்த ஒரு நாளின் இன்பம் சொல்லுந்தரமன்று. பத்து நாட்களுக்கு முன்பே லயத்தில் உரல் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். ஒரு வீட்டு மாவை நான்கு வீட்டுப் பெண்கள் இடிப்பார்கள். மறுநாள் அடுத்த வீட்டு மாவு. முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று ஒவ்வொன்றுக்கும் கைதேர்ந்த ஒருவர் இருப்பார். அதிரசப் பாகின் பதம் அறிந்த பாட்டி ஒருவரே இருந்தார். அவர் வராமல் எந்த வீட்டிலும் பாகு இறக்கப்பட்டதில்லை. அவர் உறவினர் அல்லர். ஆயினும் லயம் முழுவதற்கும் அவர் பாட்டி. விடியலில் எண்ணெய் தேய்த்து நீராடியபின், பலகாரத் தட்டைத் துணியால் மூடி வீடு வீடாகக் கொண்டுசெல்வது சிறுவராகிய எங்கள் கடமை. தட்டு வெறுந்தட்டாகத் திரும்பி வராது.

தோட்டத்து எல்லையில் இருந்த மலாய்க் கம்பத்துக்கும் தட்டுகள் சென்றன. நோன்புப் பெருநாளன்று அங்கிருந்து லெமாங்கும் கெத்துப்பாட்டும் வந்தன. சீனப் பெருநாளன்று மளிகைக் கடைக்காரர் கடன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். இன்று அதனைத் திறந்த இல்ல உபசரிப்பு என்று பெயரிட்டு அழைப்பிதழ் அச்சிடுகின்றோம். அன்று அதற்குப் பெயர் ஏதும் இருந்ததில்லை.

நீண்ட பள்ளி விடுமுறையோ வேறு வகையானது. அந்நாளில் அது நவம்பரில் தொடங்கிப் புத்தாண்டுவரை நீண்டது. அந்த வாரங்களில் நாங்கள் முழுவதும் விளையாடினோம் என்று எண்ணிவிட வேண்டா. பெரட்டுக்குப் பெற்றோரோடு எழுந்து, இருட்டிலேயே நிரைக்குச் செல்வோம். மங்குகளைத் துடைப்பதும், கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடுவதும் எங்கள் வேலை. கொசுக்கடியும் ஒட்டுப்பால் நாற்றமும் எங்கள் விடுமுறையின் பகுதிகள். நண்பகலுக்குப் பின்னரே ஆற்றுக் குளியலும், பந்தாட்டமும், கோலியும். ஆண்டுக்கு ஒருமுறை மலாக்கா நகருக்குப் பேருந்தேறிச் சென்றால் அதுவே எங்களுக்கு உலகப் பயணம்.

அப்பயணம் பெரும்பாலும் மாசி மகத்தை ஒட்டி அமையும். 1781ஆம் ஆண்டில் அமைந்ததாகக் கூறப்படும் அருள்மிகு பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து இரதம் புறப்பட்டு, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குச் செல்லும். மாநிலத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து குவிவர். வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்ற அத்தையையும், மெர்லிமாவ் பக்கத்தில் இருந்த மாமனையும் அந்தக் கூட்டத்திலேதான் சந்திப்போம். தொலைபேசி இல்லாத காலம் அது. "அடுத்த மாசி மகத்தில் பார்ப்போம்" என்று சொல்லிப் பிரிவார்கள். சொன்னபடி அதே மரத்தடியில் வந்து நிற்பார்கள்.

சிலர் வரவில்லை. 1969ஆம் ஆண்டில், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் பலர், பிறந்த ஊருக்கே திரும்ப நேர்ந்தது. ஒரே வீட்டில் தந்தையிடம் சிவப்பு அட்டையும் பிள்ளைகளிடம் நீல அட்டையும் இருந்த கொடுமையை நாங்கள் கண்டோம். கப்பலேறியவர்கள் கடிதம் எழுதினார்கள். பொங்கல் வாழ்த்து அனுப்பினார்கள். சென்னைக்கும் இந்நாட்டுத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பற்றியபின் அந்தக் கடற்பயணமும் முடிந்தது. உறவினரைக் காண விமானமேறும் வசதி அன்று எத்தனை வீட்டுக்கு இருந்தது? கடிதங்கள் குறைந்தன, பின்னர் நின்றன.

மறுபுறம் தோட்டங்களே சிதறின. பெருந்தோட்டங்களைத் துண்டாடி விற்கும் போக்கு பரவியபொழுது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர்களைப் பங்குதாரர்களாக்க முனைந்தார். எங்கள் பெற்றோருட் சிலர் சிறுகச் சிறுகச் சேமித்து அதில் பங்கு வாங்கினர். ஆனால் காலம் எல்லா இடத்தையும் விட்டுவைக்கவில்லை. பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கு எங்கள் அக்காமார் வேலைக்குச் சென்றனர். லயங்கள் காலியாயின. இன்று வீடமைப்புப் பகுதிகளில் கல்வீடும், குழாய்நீரும், மின்சாரமும் பெற்று வாழ்கின்றோம். 1994இல் வடக்கு – தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தபின், கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் இரண்டு மணி நேரத்தில் வீடு வந்து சேரலாம்.

வரலாம், வருகின்றானா? வந்தாலும் எவ்வளவு நேரம் தங்குகின்றான்? எங்கள் கவலை இங்கேதான் தொடங்குகின்றது.

இன்றைய தீபாவளியைப் பாருங்கள். பலகாரம் கடையிலிருந்து புட்டியில் வருகின்றது. அதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே அறையில் எட்டுப் பேர் எட்டுக் கைப்பேசிகளைப் பார்க்கின்றார்கள். வாழ்த்துப் படம் ஆயிரம் பேருக்குப் போகின்றது. பக்கத்து வீட்டுக்குத் தட்டு போகவில்லை. நீண்ட விடுமுறையிலோ பிள்ளைகள் ஒரு துணைப்பாட வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுகின்றார்கள். தாத்தா பாட்டியின் வீட்டுக்குச் சென்று பத்து நாள் தங்குவது அரிதாகிவிட்டது.

இதனை எடுத்துரைத்தால், "அந்தக் காலம் பொற்காலம் என்கின்றீர்களா?" என்று இளையோர் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி. நேர்மையாகவே விடையிறுப்போம். அது பொற்காலமன்று. ஒட்டுப்பால் உரித்த கை எழுதுகோல் பிடிக்கத் தாமதமாகி, ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய தோழர்கள் எங்களுக்கு உண்டு. பண்டிகைப் பணத்தைக் கள்ளுக்கடையில் தொலைத்துவிட்டு வந்த தந்தைமாரும் உண்டு; அந்த வீட்டுப் பிள்ளைகள் தீபாவளியன்று பழைய சட்டையோடு கதவுக்குப் பின்னால் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. அடுத்த வீட்டுத் தட்டு அந்த வீட்டுக்கும் சென்றது என்பது உண்மையே. அந்தத் தட்டை வாங்கிய தாயின் முகம் குனிந்திருந்ததும் உண்மையே.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. எங்கள் குடும்பங்களில் விடுமுறையே அறியாதவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் அன்னை. பகலில் ஆண்களுக்குச் சமமாக மரம் வெட்டிவிட்டு, இரவில் மாவு இடித்தவர் அவர். நாங்கள் கூடிக் களித்த அந்த இன்பம் முழுவதும் அவர் உறக்கத்தை விலையாகக் கொடுத்து வாங்கியது. நாங்கள் உண்டு முடித்தபின் எஞ்சியதை அடுப்படியில் நின்றுகொண்டே உண்டார். வேலைக்குச் சட்டப்படி விடுமுறை நாட்கள் உண்டு. அதற்குச் சம்பளமும் உண்டு. அடுப்படிக்கு அத்தகைய சட்டம் எதுவும் வரவில்லை. பழங்காலத்தைப் புகழ்ந்து பேசும் நாங்கள், இதனை எண்ணி நாணத்தான் வேண்டும். ஆகவே, அந்தக் காலம் அப்படியே திரும்பவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அதிலிருந்த கூட்டுறவு வேண்டும். ஒருவர் மீதே சுமத்தப்பட்ட சுமை வேண்டா. இதுவே எங்கள் கருத்து.

கூட்டுறவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. கோவிட் பெருந்தொற்றின் காரணமாக மார்ச் 18ஆம் நாள் நாடு அடைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி. மாவட்ட எல்லையைத் தாண்டித் தம் விருப்பப்படி செல்ல இயலாத நிலை. ஜாசினில் தாய், அலோர் காஜாவில் மகள். இடையில் ஒரு மணி நேரப் பயணமே. ஆயினும் காண முடியவில்லை. கைப்பேசித் திரையில் முகம் பார்த்து அழுதார்கள். அன்று "அடுத்த ஆண்டு கட்டாயம் எல்லாரும் கூடுவோம்" என்று எத்தனை வீடுகளில் உறுதி சொன்னோம்! தடை நீங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்த உறுதியை எத்தனை வீடுகள் காத்தன?

விழாவும் குடும்பமும் ஒன்றையொன்று எவ்வளவு வலிமையாகத் தாங்கும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்லவேண்டா. நம் மலாக்கா நகரிலேயே, காஜா பேராங்கில் செட்டிக் கிராமம் இருக்கின்றது. மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே இங்கு வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். தலைமுறைகள் கடந்ததில் அவர்கள் வீட்டுமொழி மலாயாக மாறிவிட்டது. உடையும் உணவும் இம்மண்ணுக்குரியனவாயின. ஆனால் போகியன்று முன்னோர்க்குப் படையலிடுவதை அவர்கள் விடவில்லை, பொங்கலை விடவில்லை, மாரியம்மன் திருவிழாவை விடவில்லை. எங்கெங்கோ வேலைக்குச் சென்றவர்களும் அந்நாட்களில் பூர்வீக வீட்டுக்கு வந்து கூடுகின்றனர். மொழி நழுவிய பின்னரும் அவர்கள் யார் என்பதை அந்தக் கூடுகை அவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றது. நம்மிடம் மொழியும் இருக்கின்றது. இம்மாநிலத்தில் அதனைக் கற்பிக்கப் பள்ளிகளும் இருக்கின்றன. கூடுகையை மட்டும் நாம் கைவிட்டால், மொழியைப் பேசுவதற்கு வீட்டில் யாருடன் அமர்வோம்?

"நேரமில்லை" என்பார்கள் பெற்றோர்கள். அதுவும் பொய்யன்று. தொழிற்சாலையில் இரவுமுறை வேலை செய்பவருக்கும், சிங்கப்பூர் சென்று உழைப்பவருக்கும் நேரம் என்பது பணத்தைவிட அரிது. விடுமுறை நாள் வேலைக்குக் கூடுதல் சம்பளம் என்னும்பொழுது, வீட்டுக் கடன் உள்ளவர் எவ்வாறு மறுப்பார்? ஆகவே பெரிதாக எதனையும் நாங்கள் கேட்கவில்லை. எளியன மூன்றைக் கேட்கின்றோம்.

முதலாவது, மாணவச் செல்வங்களுக்கு. 2022இல் மார்ச்சு மாதத்துக்கு மாறிய பள்ளியாண்டு, 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியிருக்கின்றது. எங்களுக்கு வாய்த்த அந்த ஆண்டிறுதி விடுமுறை உங்களுக்கும் வாய்க்கின்றது. அதில் ஒரு நாள் தாத்தா, பாட்டியிடம் அமருங்கள். நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தது, லயத்தில் யார் யார் இருந்தனர், தீபாவளிக்கு என்ன செய்தனர் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அத்தோட்டம் இன்று செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறியிருக்கலாம். அதன் பெயரைச் சொல்ல இன்னும் சிலரே இருக்கின்றனர். அவர்கள் மறைந்தபின் கேட்க எண்ணினால், விடை கூற எவரும் இரார். சயாமுக்குச் சென்றவரின் பெயரை எங்கள் பாட்டியிடம் நாங்கள் கேட்காமல் விட்டோம். அந்த இலை இன்றும் பெயரில்லாமலே போடப்படுகின்றது. எங்கள் பிழையை நீங்கள் செய்யாதீர்கள்.

இரண்டாவது, வீட்டு ஆடவர்களுக்கு. பண்டிகைக்கு முந்திய நாளில் அடுப்படிக்குள் செல்லுங்கள். முறுக்குப் பிழிவதற்கு வலிய கை வேண்டும். அஃது ஆண்களுக்கும் உண்டு. மகன்களையும் அழையுங்கள். வீட்டார் அனைவரும் உண்ண அமரும்பொழுது, அன்னையும் உடன் அமர்ந்து உண்ணட்டும். அந்த ஒரு காட்சியே பிள்ளைகளுக்கு நூறு நீதிப் பாடங்களுக்குச் சமம்.

மூன்றாவது, எல்லாக் குடும்பங்களுக்கும். விடுமுறைக் காலத்தில் ஒரு நாளையேனும் குடும்ப நாள் என்று குறித்து வையுங்கள். அந்நாளில் துணைப்பாட வகுப்பு வேண்டா. கைப்பேசியை ஓர் ஓரத்தில் வையுங்கள். முதியவர் தனித்து வாழும் வீடு ஒன்று உங்கள் உறவிலோ பக்கத்திலோ கட்டாயம் இருக்கும். அங்கே சென்று ஒரு வேளை உண்டு வாருங்கள். ஒரு தட்டைத் துணியால் மூடி அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த வீட்டார் எந்த இனத்தவராயினும், எம்மதத்தவராயினும் சரி. அத்தட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். கொடுத்துப் பழகும் கை பிறகு மறவாது.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முன்னோர் மொழி. லயத்து வீட்டில் நாங்கள் கூடி வாழ்ந்ததற்கு வறுமையும் ஒரு காரணம். ஒருவருக்கு ஒருவர் உதவாமல் அன்று வாழ்ந்திருக்கவே முடியாது. இன்று அக்கட்டாயம் நீங்கிவிட்டது. இனிக் கூடுவதென்றால் நம் விருப்பத்தாலேயே கூடவேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குவதும் ஒதுக்காததும் நம் கையில் இருக்கின்றது.

அடுத்த ஆண்டு மலரில், மாணவர்கள் தம் குறிப்பேட்டிலிருந்து எழுதிய பக்கங்களைக் காண ஆவலோடு காத்திருக்கின்றோம். செல்வங்களே, பள்ளி மணி ஒலித்ததும் மகிழ்ச்சியாக ஓடுங்கள். ஓடிச் சென்று, முதலில் பாட்டியின் பக்கத்தில் அமருங்கள். வாழ்க வளமுடன்!